முன்பு எப்படி இருந்தது என்று யார் கேட்பது?

2025 பிப்ரவரியில், ஒரே வார இடைவெளியில், அமெரிக்க உயர் கல்வி தொடர்பாக இரண்டு செய்திகள் வெளியாகின. 23 வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், தன்னிடம் படிக்கும் 4,60,000 மாணவர்களுக்கும் சாட்ஜிபிடியை வழங்கப்போவதாக அறிவித்தது முதல் செய்தி. கூட்டாட்சி அரசின் கல்வி அறிவியல் நிறுவனம் செய்திருந்த 89 ஆய்வு ஒப்பந்தங்கள், 88.1 கோடி டாலர் மதிப்புள்ளவை, ஒரே நாளில் ரத்துசெய்யப்பட்டன என்பது இரண்டாவது. அடுத்த மாதம் கல்வித் துறை ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைக்கப்பட்டபோது, நாடு முழுவதற்கும் கல்விப் புள்ளிவிவரம் சேகரிக்கும் தேசிய மையத்தில் நூறு பேர் அளவில் இருந்த ஊழியர் எண்ணிக்கை மூன்றாகச் சுருங்கியது.

முதலாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் முடிவு. இரண்டாவது கூட்டாட்சி அரசின் முடிவு. ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பில்லை. என்றாலும், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்குக் கவலை ஏற்படுகிறது. மாணவர்களுக்கு வழிகாட்டும் பணியில் தொழில்நுட்பம் இதுவரை இல்லாத வேகத்தில் நுழையும் தருணத்தில், அதனால் விளையும் நன்மையையோ தீமையையோ கண்டறிய உதவும் கணக்கேடுகள் மூடப்படுகின்றன. பதினைந்து ஆண்டுகளாக அமெரிக்கக் கல்லூரிகள் இந்த வழியில் நடந்துபார்த்திருக்கின்றன. அந்த அனுபவம் சொல்வது என்ன என்பதை இப்போது பேச வேண்டியிருக்கிறது.

நோயும் மருந்தும்

அமெரிக்காவில் கல்லூரியில் சேர்வது அத்தனை கடினமில்லை, முடிப்பதுதான் கடினம். கல்லூரியில் சேரும் நூறு பேரில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் பட்டமோ சான்றிதழோ பெற்றிருப்பவர்கள் ஏறத்தாழ 60 பேர்தான். ஏழைகளும் வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவர்களும் அதிகம் நாடும் சமுதாயக் கல்லூரிகளில் இது 45-ஐக்கூட எட்டுவதில்லை. பாதியில் வெளியேறுபவருக்குப் பட்டம் இல்லை. கடன் மட்டும் மிஞ்சுகிறது.

அறிவுக் குறைவு இதற்கு முதன்மைக் காரணமல்ல. எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது, எது பட்டத்துக்குக் கணக்கில் சேரும், எது சேராது என்பது அங்கே பெரும் சிக்கல். நம் கல்லூரிகளைப் போல வகுப்பு முழுவதும் ஒரே கால அட்டவணையில் நகர்வதில்லை. ஒவ்வொரு மாணவரும் தன் பாதையைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டக் கல்விசார் ஆலோசகர்கள் உண்டு. ஆனால், பல பொதுக் கல்லூரிகளில் ஓர் ஆலோசகருக்கு 600, 700 மாணவர்கள். பருவத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பேசக் கிடைத்தாலே பெரிய விஷயம். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, தான் வழிதவறியிருப்பதே இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும்.

இந்த இடத்தில்தான் மென்பொருள் வந்தது. மாணவரின் பட்டப் பாதையைத் திரையில் வரைந்துகாட்டும் ஒரு கருவி. வகுப்புக்கு வராதபோதோ தேர்வில் சறுக்கும்போதோ ஆலோசகருக்குச் செய்தி அனுப்பும் ஒரு முன்னெச்சரிக்கை அமைப்பு. பழைய மாணவர்களின் தரவுகளைக் கொண்டு இன்றைய மாணவர் இடைநிற்கும் வாய்ப்பைக் கணிக்கும் ஒரு சூத்திரம். மூன்றையும் இணைத்து ஆலோசனை முறையையே மாற்றியமைக்க வேண்டும் என்ற நோக்கில் ‘ஐபாஸ்’ என்ற திட்டம் உருவானது. கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் 2015-இல் பல கல்வி நிறுவனங்கள் இதற்கு நிதி பெற்றன.

இந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்த அம்சம் மென்பொருள் அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இயங்கும் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம், சீர்திருத்தம் வேரூன்றும் முன்பே மாணவர்களின் நிலையை அளந்து வைக்கும் வேலையில் இறங்கியது. முதல் பருவத்தில் எத்தனை பேர் எத்தனை கிரெடிட் பெற்றனர், முதல் ஆண்டில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடித்தவர்கள் எத்தனை பேர், இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தவர்கள் எவ்வளவு, இவற்றில் இனவாரியாகவும் வருமானவாரியாகவும் உள்ள இடைவெளி என்ன என்பது போன்ற, பரபரப்பில்லாத எண்கள். இத்தகைய அறிக்கைகள் எந்த நாளிதழின் முதல் பக்கத்துக்கும் வராது. எனினும், பிறகு எழும் உரிமைகோரல்கள் எல்லாவற்றையும் உரசிப்பார்க்க உதவும் உரைகல் இதுதான்.

அளக்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு பர்டியூ பல்கலைக்கழகமே சாட்சி. மாணவரின் நிலையைப் போக்குவரத்து விளக்குபோலச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற அமைப்பை அது 2007 முதல் பயன்படுத்தியது. இந்த விளக்குகள் உள்ள பாடங்களில் குறைந்தது இரண்டையாவது எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட 21% கூடுதலாகக் கல்லூரியில் தொடர்கிறார்கள் என்று 2013-இல் அறிவிப்பு வந்தது. பல நாடுகளில் இந்த எண் மேற்கோள் காட்டப்பட்டது. மைக் கால்ஃபீல்ட் என்ற கல்வியாளர் ஓர் எளிய ஐயத்தை எழுப்பினார். முதல் பருவத்திலேயே கல்லூரியை விட்டுப் போன மாணவருக்கு இரண்டு பாடங்களை எடுக்க வாய்ப்பே இல்லையே? நீண்ட நாள் தங்கியவர்கள்தானே அதிகப் பாடங்களை எடுத்திருப்பார்கள்? விளக்கு இருந்ததால் மாணவர்கள் தங்கினார்களா, தங்கியதால் விளக்கைப் பார்த்தார்களா? பின்னர் ஆல்ஃபிரட் எஸ்ஸா என்பவர் கணினியில் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினார். விளக்குக்குப் பதிலாக மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்திருந்தாலும் இதே போன்ற முடிவு கிடைத்திருக்கும் என்பது அதன் சாரம். கல்வி ஆய்வுகளில் இவ்வளவு இனிப்பான மறுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜார்ஜியாவின் கதை

தொழில்நுட்ப ஆலோசனை பற்றிய எந்த உரையாடலிலும் அட்லான்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வந்துவிடும். 2003-இல் அதன் ஆறாண்டுப் பட்ட விகிதம் 32%. பத்தாண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் அது 54% ஆனது. கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் பட்டம் பெறும் விகிதத்தில் இருந்த இடைவெளி அங்கே மறைந்தது. இது மெய்யான சாதனை, குறைத்துச் சொல்வதற்கில்லை. பத்தாண்டுக் கால மதிப்பெண்களை ஆராய்ந்து 800 வகையான எச்சரிக்கைகளை வகுத்த ஒரு முன்கணிப்பு அமைப்பை 2012-இல் அது நிறுவியது. ஒரு துறையின் முதல் பாடத்தில் சுமாரான மதிப்பெண் பெற்ற மாணவர் அத்துறையில் பட்டம் பெறுவது அரிது என்பது போன்ற, ஆசிரியர்கள் அதுவரை கவனிக்காத உண்மைகளை அது வெளிக்கொணர்ந்தது. பத்திரிகைகள் கொண்டாடின, பிற கல்லூரிகள் மென்பொருள் வாங்க வரிசையில் நின்றன.

ஆனால், ஆண்டுகளை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 2003-க்கும் 2012-க்கும் இடையிலேயே அந்த விகிதம் 40-ஐத் தாண்டிவிட்டது. மென்பொருள் வருவதற்கு முன்பே ஏற்றம் தொடங்கியிருந்தது. புதிய மாணவர்களைச் சிறு குழுக்களாக ஒன்றாகப் படிக்கவைத்தது, மூத்த மாணவர்களைக் கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தது, சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்தவர்களுக்கு 2011 முதல் உடனடி உதவித்தொகை கொடுத்தது ஆகியவை அந்தக் காலகட்டத்து வேலைகள். மென்பொருள் வந்த பிறகும் அது தனியே வேலை செய்யவில்லை. பல்கலைக்கழகம் கூடுதலாக 42 ஆலோசகர்களை நியமித்தது. 700 பேருக்கு ஒருவர் என்பது 300 பேருக்கு ஒருவர் என்றானது. எச்சரிக்கை மணி அடிக்கும்போது எழுந்து செல்ல ஆள் இருந்தார். 2003-இன் எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 54-ஐப் பார்ப்பவர், மொத்தப் புகழையும் மென்பொருளுக்குக் கொடுத்துவிடுவார். ஆண்டுதோறும் அளந்து வைத்திருப்பவர் அப்படி ஏமாறமாட்டார். தொடக்கநிலை அளவீடு என்பது ஒரு புள்ளியல்ல, ஒரு கோடு என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கோடு ஏற்கெனவே மேல்நோக்கிச் சென்றுகொண்டிருந்ததா என்பது தெரியாமல், சீர்திருத்தம் அதை உயர்த்தியதா என்று சொல்ல முடியாது.

இதே பல்கலைக்கழகம் சரியாக அளந்த ஒன்றும் உண்டு. சேர ஒப்புக்கொண்ட மாணவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் கோடை விடுமுறை முடிந்து வகுப்புக்கு வருவதே இல்லை என்பதை அது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தது. 2016-இல் குறுஞ்செய்தி வழியே கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஓர் உரையாடல் செயலியை, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டும் வழங்கியது. அந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. வழக்கமான இழப்பு எவ்வளவு என்பதும் தெரியும், ஒப்பிட மற்றொரு குழுவும் இருந்தது. ஆகவே இந்த எண்ணை நம்பலாம்.

சோதனையின் தீர்ப்பு

இவ்வாறு குலுக்கல் முறையில் பெரிய அளவில் சோதித்தபோது கிடைத்த முடிவுகள் உற்சாகமூட்டுபவை அல்ல. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 11 பொதுப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 10,000 மாணவர்களிடம் தரவு சார்ந்த ஆலோசனை முறை சோதிக்கப்பட்டது. வறிய குடும்பத்தினரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் அடங்கிய மாணவர்கள் இவர்கள். 11 இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது முதலாண்டில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஜார்ஜியாவில் மட்டும் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆண்டுக்கணக்காகப் பழகிய ஆலோசகர்களும் ஒத்துழைக்கும் நிர்வாகமும் அங்கே ஏற்கெனவே இருந்தனர். மற்ற இடங்களில் கருவி மட்டுமே போய்ச் சேர்ந்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஐபாஸ் திட்டத்தை மேம்படுத்திய மூன்று நிறுவனங்களில், அதாவது ஃபிரெஸ்னோவிலும் சார்லட்டிலும் உள்ள இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் பென்சில்வேனியாவின் ஒரு சமுதாயக் கல்லூரியிலும், எம்டிஆர்சி ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட சோதனையும் அப்படித்தான் அமைந்தது. ஆலோசகரைச் சந்திக்காவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது என்பது போன்ற நிபந்தனைகள்கூட முயன்றுபார்க்கப்பட்டன. மாணவர்களின் குறுகியகாலக் கல்வி முன்னேற்றத்தில் நல்ல மாற்றம் எதுவும் புலப்படவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல நான் தயங்குகிறேன். பலன் இல்லை என்பதைத் துணிந்து வெளியிட முடிந்ததே ஒரு நேர்மையான அளவீட்டின் வெற்றி.

இந்த முடிவுகளுக்கு எதிர்முனையில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம் நிற்கிறது. அங்கே மென்பொருளுக்குப் பெரிய இடமில்லை. ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள், கல்விக் கட்டணத்தில் விடுபடும் தொகை தள்ளுபடி, பாடநூல்கள் இலவசம், சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் இலவசப் பயண அட்டை. பதிலுக்கு மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும். குலுக்கல் முறையில் நடந்த சோதனையில், மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் திட்டத்தில் 40%. திட்டத்துக்கு வெளியே 22%. ஓஹியோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் இதையே செய்துபார்த்தபோது 35%, 19%. செலவு அதிகம்தான். ஆனால், நியூயார்க்கில் பட்டம் பெற்றவரின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பட்டத்துக்கான செலவு குறைவாகவே வந்தது. பயண அட்டையும் தெரிந்த முகமும் சாதித்ததை எச்சரிக்கை மணிகள் மட்டும் சாதிக்கவில்லை என்பதுதான் இதுவரையிலான கணக்கு.

யாரை எண்ணுவது என்பதும் அளவீட்டின் ஒரு பகுதி. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி அமெரிக்க அரசு வெளியிட்டுவந்த பட்ட விகிதம், முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரம் படிப்பவரும், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவரும் அந்தக் கணக்கில் இல்லை. சமுதாயக் கல்லூரிகளில் அவர்கள்தான் பெரும்பான்மை. 2015-16-இல்தான் அவர்களையும் சேர்த்த புதிய அளவீடு நடைமுறைக்கு வந்தது. எண்ணப்படாதவருக்காக யாரும் சீர்திருத்தம் செய்வதில்லை.

அளவீடு மாணவருக்கு எதிராகத் திரும்பவும் கூடும். மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அமெரிக்கக் கல்வியுலகம் இன்னும் மறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. தன்னை அறிந்துகொள்ள உதவும் என்று சொல்லப்பட்ட அந்தத் தாளைக் கொண்டு, படிப்பைத் தொடர வாய்ப்பில்லாத 20, 25 பேரை அடையாளம் கண்டு, அரசுக்கு எண்ணிக்கை அனுப்பும் செப்டம்பர் 25-க்குள் வெளியேற்றிவிட வேண்டும் என்பது தலைவர் சைமன் நியூமனின் எண்ணம். கணக்கெடுக்கும் நாளில் அவர்கள் பட்டியலில் இல்லையென்றால், தக்கவைப்பு விகிதம் தானாக உயரும் அல்லவா? தயங்கிய பேராசிரியர்களிடம், மாணவர்களை முயல்குட்டிகளாக நினைப்பதை விட்டுவிட்டு அவற்றை மூழ்கடிக்க வேண்டியதுதான் என்ற பொருளில் அவர் பேசியதை மாணவர் இதழ் 2016 ஜனவரியில் வெளியிட்டது. அடுத்த மாதமே அவர் பதவி விலக நேர்ந்தது. மாணவரைக் காப்பாற்றவும் கழித்துக்கட்டவும் ஒரே முன்கணிப்பு பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கணிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் கேள்விக்குரியதே. பல பல்கலைக்கழகங்கள் வாங்கிய ஆலோசனை மென்பொருள் ஒன்று, மாணவரின் இனத்தையே இடைநிற்றலுக்கான வலுவான அறிகுறியாகக் கொண்டிருந்ததை ‘தி மார்க்கப்’ இணைய இதழ் 2021-இல் அம்பலப்படுத்தியது. சில இடங்களில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையின மாணவர்களைவிட நான்கு மடங்குவரை அதிகமாக ‘அபாயப் பட்டியலில்’ வைக்கப்பட்டிருந்தனர். கணிதம் கடினம், எளிதான துறைக்கு மாறிக்கொள் என்று ஓர் ஆலோசகர் சொல்லும்போது, அவர் திரையில் ஒளிர்ந்த சிவப்பு நிறத்தின் காரணம் மாணவருக்குத் தெரியாது. செய்தி வெளியான பின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கணிப்பிலிருந்து இனத்தை நீக்க முன்வந்தது. சீர்திருத்தத்துக்கு முன்பே ஒவ்வொரு பிரிவினரின் நிலையையும் தனித்தனியாக அளந்து வைக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்பது இதற்காகவும்தான். மொத்தச் சராசரி உயர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிரிவினர் கீழே தள்ளப்படுவது நடக்கக்கூடியது. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

நமக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கலாம். நம் நாட்டில் உயர் கல்வி என்றதும் சேர்க்கை விகிதம்தான் தலைப்புச் செய்தியாகிறது. 2021-22 அகில இந்திய உயர் கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி 28.4, தமிழ்நாடு 47. பெருமைப்பட வேண்டிய எண்தான். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதற்கு அதே அளவு கவனம் கிடைப்பதில்லை. இதற்கிடையே, தேசியக் கல்விக் கொள்கை 2020 ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் வெளியேறினால் பட்டயம் என்று வகுத்திருக்கிறது. நேற்றுவரை இடைநிற்றல் எனப்பட்டது நாளை வெளியேற்றம் என்ற கௌரவமான பெயரைப் பெறும். ஏட்டில் இடைநிற்றல் குறையும். வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைக் கையாண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இது: இரண்டாம் பருவத்தில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ச்சியாக விழும் ‘வரவில்லை’ குறிகள், அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானதையோ அந்தப் பையன் கடைக்கு வேலைக்குப் போனதையோ எந்த மென்பொருளுக்கும் முன்பே சொல்லிவிடும். அந்தப் பதிவேடுகள் ஆண்டு முடிந்ததும் பரணுக்குப் போகின்றன.

மீண்டும் கலிபோர்னியாவுக்கு வருகிறேன். அளவீட்டின் அருமை அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதது அல்ல. 2016-இல் அது ஒரு பட்டமளிப்பு முனைப்பைத் தொடங்கியபோது, நான்கு ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் 19%, ஆறு ஆண்டுகளில் 57% என்று தொடக்க நிலையைப் பகிரங்கமாக அறிவித்தது. 2025-க்குள் 40, 70 என்று இலக்கும் வைத்தது. 2023 வாக்கில் நான்காண்டு விகிதம் 35-ஐ எட்டியது. ஆறாண்டு விகிதம் 62-இல் தேங்கியது. பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியை முற்றாகப் போக்குவது என்ற உறுதிமொழி நிறைவேறவில்லை. இடையில், பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படைப் பயிற்சிப் பாடங்களை 2018-இல் கைவிட்டதும் ஏற்றத்துக்கு ஒரு காரணம். இவ்வளவையும் இன்று நம்மால் விவாதிக்க முடிகிறதென்றால், அந்த 19-உம் 57-உம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்ததே காரணம்.

செயற்கை நுண்ணறிவுக்கு அப்படி ஓர் எண்ணைக் குறிப்பது எளிதல்ல. 2022 நவம்பரிலேயே சாட்ஜிபிடி இலவசமாக எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்ச்சி விதிகள் தளர்த்தப்பட்டதால் 2020, 2021-ஆம் ஆண்டுகளின் எண்கள் ஒப்பீட்டுக்கு உதவா. 2024-இல் நிதியுதவி விண்ணப்பப் படிவத்தில் நேர்ந்த குளறுபடியால் சேர்க்கையே குழம்பியது. தூய்மையான ஒரு தொடக்க ஆண்டு எங்கும் இல்லை. இருப்பதில் ஓரளவு பயன்படக்கூடியவர்கள் 2023-இலும் 2024-இலும் சேர்ந்தவர்கள்: பல்கலைக்கழகமே கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன் முதலாண்டின் தொடக்கத்தைக் கடந்தவர்கள். அவர்கள் எடுத்த பாடங்கள், பெற்ற கிரெடிட்டுகள், ஆலோசகரைச் சந்தித்த நாட்கள், நிறுத்தியவர்கள் நிறுத்திய மாதம் எல்லாம் 23 வளாகங்களின் கணினிகளில் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றைத் திரட்ட வாஷிங்டனில் ஒரு புள்ளிவிவர மையம் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இப்போது அந்த வேலை சாக்ரமென்டோவிலும் லாங் பீச்சிலும் உள்ளவர்களின் மேசைக்கு வந்திருக்கிறது. 2024-இல் நுழைந்த அணியில் உரிய காலத்தில் முடிப்பவர்கள் 2028 கோடையில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதுவரை அவகாசம் இருக்கிறது.